மாட்டுக் கொட்டகையும் மாதப்பனின் மூக்கும்

மே 11, திங்கள்
மேகமூட்டம். மழை இல்லை. யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்: இன்று காருக்குள் உட்கார்ந்து என் அக்குளை நானே முகர்ந்து பார்த்தேன். இரண்டு பக்கமும். வயது ஐம்பத்துநாலு.

காரணம் மாதப்பன். படம் வரைய என்று மைசூருக்கு வெளியே சாமராஜநகர் ரோட்டில் நான் வாடகைக்கு எடுத்த பழைய மாட்டுக் கொட்டகைக்கு அடுத்த தோட்டக்காரர். கௌதள்ளிப் பக்கத்துத் தமிழர். போன மாதம் தோளில் கை போட்டவர், இன்று பத்தடி தள்ளி நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

தீவனத் தொட்டி இடித்தாச்சு. தரை முடிந்தது. பாக்கி பெயிண்ட் மட்டும். ஜூன் 1க்குள் என் மேஜை வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். அந்த ரூமில் என் மனைவி ரமா டியூஷன் ஆரம்பிக்கிறாள். "மேஜையோட நீங்களும் போறதுன்னாலும் சரி." பெரிய மனசு.

மே 12
இரண்டு குளியல். சென்ட் இரு மடங்கு. மாதப்பன் பதினைந்து அடிக்குப் போய்விட்டார்.
பெயிண்டர் வரவில்லை. மேஸ்திரி நாகராஜு: "பிரஷ் கிடைக்கல சார்." மைசூரில்!

மே 13
இன்றைய சாக்குகள்: பெயிண்டருக்கு ஜுரம். ஏணியை மச்சான் எடுத்துக்கொண்டு போய்விட்டான். "அமாவாசை கழியட்டும் சார்."
மாதப்பன் வாசலில் மேஸ்திரி டீ குடிக்கிறார். என்னைப் பார்த்ததும் இருவரும் கப்சிப்.
ரமா: "அந்தாளுக்குக் கொட்டகை மேல கண்ணு. நீங்க வெறுத்துப்போய் விட்டா அவருக்குத்தானே?" நான் நினைத்ததும் அதுவே. அவளும் சொன்னதால் நிரூபணமாகிவிட்டது.

மே 14
வெயில். நானே ஒரு டப்பா எனாமல் வாங்கி நானே அடித்தேன். ஒரு ஜன்னல். நீலம். பாதி சட்டையில்.
மாதப்பனின் மனைவி சிவம்மா ஓடி வந்தார். "ஐயோ சாமி, அந்த டப்பாவ மூடுங்க! நாலாந் தூக்கம் எந்திரிச்சுத் தழை தின்னுட்டுக் கெடக்குதுங்க. இந்த வாசம் பட்டா ஒண்ணு மிஞ்சாதுங்க!"
பட்டுப்புழு. நாலாம் முறை தோலுரித்து எழுந்து, கூடு கட்டுமுன் கடைசித் தீனியில் இருக்கிறதாம். கொட்டகைக்குப் பின்னால், மல்பெரிக்கு நடுவில். ஊதுபத்திகூட ஏற்றுவதில்லையாம். நான் தினமும் சென்ட் மழை.
"சொல்லியிருக்கலாமே?"
"வேலைய நிறுத்துங்கன்னு ஆபீசரு கணக்கா இருக்கறவர்கிட்ட எப்படிங்க சொல்றது?"
மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "புழுவுக்காக எட்டு நாள் இழுக்கணும் சார். நாலு நாளுக்கே பொய் தீர்ந்துபோச்சு."
ஜன்னலைக் கழற்றினார்கள். மாதப்பன் தொடக் கூடாது. அந்தக் கையால்தான் தழை போட வேண்டும். ஈரப் பெயிண்டோடு நானே தலையில் சுமந்து ரோடு வரை. பஸ் நின்றது. கண்டக்டர்: "ஜன்னலுக்கும் டிக்கெட் ஆகும் சார்." பயணிகள் பரம திருப்தி.

மே 15
சென்ட் இல்லை. சோப்பும் இல்லை. ரோட்டிலிருந்தே கத்தினேன்: "எப்படி இருக்கு?"
"தின்னுதுங்க சார். உங்க ஜன்னல் பக்கத்துத் தட்டுப் புழுதான் மந்தம்."
படம் வரையக் கை ஓடவில்லை.

மே 19, செவ்வாய்
தூறல். புழு கூடு கட்ட ஏறிவிட்டது. மந்தமான தட்டு மட்டும் போய்விட்டது. மாதப்பன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சிவம்மாதான் சொன்னார். பிரஷ், ஏணி, பெயிண்டர் மூன்றும் காலை ஏழு மணிக்கே ஆஜர்.
சாயந்திரம் கொட்டகைக்காரருக்குப் போன். மாதப்பன் மேல் பட்ட சந்தேகத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.
"ஷெட்டை மூணு பேர் கேட்டாங்க சார். ஒருத்தர் பூச்சிமருந்து வைக்க. 'படம் போடறவருக்கே குடுங்க, பென்சில் வேலை, வாசமே வராது'ன்னு எங்கிட்ட வந்து சொன்னதே மாதப்பன்தான்."