பெயர் தெரியாமலே விட்டுவிட்டேன், மச்சான்

என் உயிர் மச்சான் குணாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் வௌவாலுக்கு வலை கட்டும்போது மறுமுனையைப் பிடிக்க உன்னைத்தான் கூப்பிடுகிறேன். உன் தங்கச்சி அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

போன வாரம் குளுவாங் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய காட்டோரத்தில், பொழுது சாயும்போது ஒரு வௌவால் சிக்கியது. கட்டைவிரல் அளவு உடம்பு, செம்பட்டை ரோமம். நாம் படத்தில் மட்டுமே பார்த்து ஏங்கினோமே, அந்த அரிய இனமேதான் என்று நினைக்கிறேன். ஆனால் அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு சாதாரண இனமும் இருக்கிறதே, எப்படி உறுதியாகச் சொல்வது?

அந்தக் காட்டை வெட்டப்போகிறார்கள், மச்சான். மண்வாரி இயந்திரம் வந்து நிற்கிறது. அரிய இனம் என்று பதிவானால்தான் தடுத்துக் கேட்க முடியும். வௌவால் நிபுணர் ஒருவருக்குப் போன் போட்டேன். படமும் அளவும் போதாது, உடல் வேண்டும் என்றார். உடல் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கா தெரியாது?

வௌவால் இருந்த துணிப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தேன். ஒன்று செத்தால் காடு பிழைக்குமே என்று மனசு கணக்குப் போட்டது. பெட்டை என்றால் முதலில் மாரைப் பார் என்பாய். நானோ பரபரப்பில் முன்கையை அளந்த பிறகுதான் பார்த்தேன். பால் கட்டியிருந்தது.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த உன் தங்கச்சி, "குட்டி போட்டிருக்குங்க. விட்டுடுங்க லா. அண்ணன் இருந்தா நம்மகூட பேசவே மாட்டாரு," என்றாள்.

சிறகில் மிளகளவு தோலை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன். மரபணுச் சோதனைக்கு அனுப்பியாச்சு. அது போதும் என்று நிபுணர் உறுதி தரவில்லை. முடிவு முதலில் வருமா, மண்வாரி முதலில் நகருமா? தோல் எடுத்த இடம் கிழிந்து, அவள் குட்டியிடம் போய்ச் சேராமல் இருந்தால்? நான் செய்தது சரிதானா? நீ பதில் சொல்லாமல் இருப்பது இப்போதுதான் ரொம்பக் கோபமாக வருகிறது.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். வேறொன்றைப் பிடித்துக் கொல்ல மாட்டேன். சோதனை முடிவு வருவதற்குள் மண்வாரி கிளம்பினால், முன்னால் போய் நிற்பேன். அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பெயர் இன்னும் தெரியவில்லை, பால் கொடுக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்வேன்.

உன் தங்கச்சியைக் கட்டிய மச்சான்,
முருகையா