என் பக்கத்து ப்ரேக்

பிப்ரவரி 9

அன்புப் பூனைக்கு,

நலமா என்று கேட்டால் நீ "ம்" என்று ஒரே எழுத்தில் பதில் போடுவாய். அதனால் கேட்கவில்லை. போன் நம்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடிதம் மட்டும் போதும் என்று அந்த மலையூரில் நீ முடங்கிக் கிடப்பதை நினைத்தால் என் வயிறு எரிகிறது. அடித்தது உன் வீட்டுக்காரர், ஒளிந்து வாழ்வது நீயா? நல்ல நியாயமடி!

என் சேதிக்கு வருகிறேன். டிரைவிங் சொல்லிக்கொடுக்கும் தகுதிக்கு எழுத்துப் பரீட்சை தேறிவிட்டேன், ஓட்டிக்காட்டும் பரீட்சையும் தேறிவிட்டேன். கடைசிக் கட்டம்தான் பாக்கி. அதிகாரி பின்சீட்டில் உட்காருவார், அவர் முன்னால் நான் ஒரு நிஜ மாணவருக்குப் பாடம் எடுக்க வேண்டும். இதில் இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டேன். இரண்டு முறையும் ஒரே குற்றம். மாணவர் மிதிப்பதற்கு முன்னால் சொல்லிக்கொடுப்பவருக்கென்று என் பக்கம் வைத்திருக்கும் ப்ரேக்கை நான் மிதித்துவிட்டேன். "ஓட்டுறது நீங்கதான், அவங்க சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார் அதிகாரி. மூன்றாவது தடவையும் போனால் அவ்வளவுதான், மறுபடி எழுத விடமாட்டார்கள். இருந்த வேலையையும் விட்டவள் நான், தெருவில்தான் நிற்க வேண்டும்.

ஆனால் இந்தத் தடவை ஒரு தங்கமான மாணவர் கிடைத்திருக்கிறார். "பயிற்சியில இருக்காங்களே அந்த அம்மா, அவங்களே போதும்" என்று என்னைக் கேட்டு வாங்கினாராம். சின்ன வயதில் ஏதோ விபத்தாம், ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கும். சீட் வேர்க்கிறது என்று கைக்குட்டையை நாலாக மடித்துத் தொடைக்கடியில் வைத்துக்கொள்வார், பாவம். "பேச்சுக் கொடுத்துக்கிட்டே இரும்மா. காது உன்கிட்ட இருந்தா கை நடுங்காது" என்று எங்கள் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லியா தர வேண்டும்? என் பல்வலி, பஸ்கூட வராத உன் மலையூர், நீ வேலை பார்க்கும் சலவைக்கடையின் நீராவி எல்லாம் பேசித் தீர்த்துவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே. மனிதர் ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார். லைசென்ஸ் வந்ததும் முதலில் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். "ஒருத்தரைப் பாக்கணுங்க" என்றார்.

எப்போதும் உன்,
வாயாடி

•

பிப்ரவரி 15

அன்பு வாயாடிக்கு,

நலம். உன் பரீட்சை நல்லபடி முடிய வேண்டும். நீ ஜெயித்தால் எனக்கும் சந்தோஷம்தான், அதைச் சொல்லிவிட்டே மற்றதைக் கேட்கிறேன்.

அந்தக் கைக்குட்டையின் ஓரத்தில் நீலக் கோடு இருக்கிறதா? வலது தொடைக்கு அடியிலா வைக்கிறார்? கல்யாணமான நாள் முதல் தினம் இரண்டு கைக்குட்டைக்கு இஸ்திரி போட்டவள் நான். நாலாக மடித்தால் கோடு வெளியே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அன்று சாப்பாட்டுத் தட்டு சுவருக்குப் போகும். இடது காதுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறதா என்று பார். பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் உனக்குச் சொன்னதெல்லாம் வீட்டில் கூப்பிடும் பெயர், லைசென்ஸில் இருப்பது வேறு. என் கல்யாணத்துக்கும் நீ வரவில்லை.

என்னைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசாதே. உனக்குக் கோடிப் புண்ணியம்.

பூனை

•

பிப்ரவரி 20

என் பைத்தியக்காரப் பூனைக்கு,

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உலகத்தில் கைக்குட்டை மடிக்கும் ஆண்பிள்ளை உன் வீட்டுக்காரர் ஒருவர்தானா? இவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. ரவுண்டானாவில் பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்துக் கெட்ட வார்த்தையில் திட்டினான், இவர் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். எனக்கென்று இன்னொரு கண்ணாடி ஒட்டியிருக்கிறேன் அல்லவா, மாணவர் கண் எங்கே போகிறது என்று பார்க்க? அதில் பார்த்தேன். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது, கண் அந்த வண்டி நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீலக் கோடு இருக்கிறது. சந்தையில் விற்கிற கைக்குட்டை எல்லாவற்றிலும்தான் இருக்கிறது. காலரைக் கழுத்துவரை பூட்டியிருக்கிறார், தழும்பை எப்படிப் பார்ப்பேன், சட்டையைக் கழற்றச் சொல்லவா? மலைப்பாதை பழக வேண்டும் என்று கேட்டார். நேற்று ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கப் பழக்கினேன். ஒரு தடவைகூட வண்டி பின்னால் உருளவில்லை. நான் ப்ரேக்கைத் தொடவே இல்லையடி!

பரீட்சை மார்ச் இரண்டாம் தேதி. இவரை விட்டால் அன்றைக்கு உட்கார வேறு மாணவர் இல்லை.

உன் வாயாடி

கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்றைய பாடமும் முடிந்துவிட்டது. ரிவர்ஸ் எடுக்கத் திரும்பியபோது காலர் இறங்கியது. தழும்பு இருக்கிறது. உடனே எழுது.

•

பிப்ரவரி 24

வாயாடி,

அந்த ஆள்தான்.

ஊரில் எத்தனையோ டிரைவிங் ஸ்கூல் இருக்க, உன்னைக் கேட்டு வாங்கியதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊரை நான் எதற்குத் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா? இங்கே பஸ் இல்லை, ரயில் இல்லை, கார் இருந்தால்தான் வர முடியும். அந்த ஆளுக்குக் கார் என்றாலே அடிவயிறு கலங்கும். வேறு யாரையாவது ஓட்டச் சொல்லியும் வரமாட்டான். சாட்சி வைத்துக்கொண்டு அவன் எதையும் செய்ததில்லை. அவனுடைய பயம்தான் எனக்கு வேலி. அதைத்தான் நீ பேசிப் பேசிப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாய்.

போலீசுக்குப் போகச் சொல்லாதே, போய்ப் பார்த்துவிட்டேன். "இப்ப என்ன பண்ணினாரு?" என்று கேட்டார்கள். இப்போது ஒன்றும் பண்ணவில்லையாம்.

உனக்கு இது கடைசி வாய்ப்பு என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். பரீட்சைக்கு அந்த ஆளை உட்கார வைக்காதே. பாடத்தை இன்றே நிறுத்து. உன்னிடம் இதுவரை நான் பெரிதாக எதுவும் கேட்டதில்லை.

பூனை

•

மார்ச் 3

என் கண்ணே, பூனை,

இது கிடைத்ததும் கிளம்பிவிடு, மிச்சத்தை எங்காவது போய் உட்கார்ந்து படி. முதலில் கிளம்பு.

உன் கடிதம் எனக்குப் பரீட்சைக்கு முந்தைய நாள் கிடைத்தது. ராத்திரி முழுக்க எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பரீட்சை எனக்குத்தானே, அவருக்கு லைசென்ஸ் கிடைக்கப்போவதில்லையே, இந்த ஒரு மணி நேரம் போகட்டும், அப்புறம் அவர் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று. உட்கார வைத்தேன். பாதி வழியில் ஒரு கிழவர் சாலையில் இறங்கினார். என் கால் ப்ரேக்மேல்தான் இருந்தது. ஒரு மிதி மிதித்திருந்தால் பரீட்சையும் போயிருக்கும், அந்த ஆளின் தைரியமும் போயிருக்கும். மிதிக்கவில்லை. அவரே அழகாக நிறுத்தினார். அதிகாரி என் கையைக் குலுக்கினார். நான் தேறிவிட்டேன். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பூனை. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதிகாரி போனதும் அவர் கைக்குட்டையை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். "உங்களைத்தான் வேணும்னு கேட்டு வாங்கினேன். நீங்க நல்லாப் பேசுவீங்கன்னு அவ அடிக்கடி சொல்லியிருக்கா" என்றார். 

அவருடைய டெஸ்டுக்கு ஏற்கனவே நாள் வாங்கி வைத்திருக்கிறார். இன்று காலை. நான் வரமாட்டேன் என்று கத்தினேன். மாஸ்டர் என்னைப் பைத்தியம் பிடித்தவளைப்போலப் பார்த்துவிட்டு, தானே கூட்டிப்போய்விட்டார். பாஸாகிவிட்டாராம். உன் கடைக்குப் போன் அடித்தேன். எடுத்தவர் அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்று வைத்துவிட்டார். நீதான் அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பாய். நானே வண்டியை எடுத்துக்கொண்டு வரலாம் என்றால், வாசலுக்கு எதிரில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. நான் வழிகாட்டுவதற்குத்தான் அந்த ஆள் காத்திருக்கிறாரோ என்று பயமாக இருக்கிறது. அவசரத் தபாலில் போடுகிறேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

உன் வாயாடி

•

வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அந்த ஆளும் வந்து சேர்ந்தான். கடிதம் கொஞ்சம் முந்திக்கொண்டது. அதற்கு நன்றி.

இஸ்திரி அறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருவில் ஈ காக்கை இல்லை, இருந்தும் சிக்னல் போட்டான். பின்பக்கம் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான். இரண்டு வேன்களுக்கு நடுவில் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினான். கை நடுங்கவில்லை. நீ நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அதிகாரி கை குலுக்கியதில் தப்பே இல்லை.

கடையின் துணி வேனில், ஆஸ்பத்திரிப் போர்வை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்துவிட்டேன். ஓட்டுகிறவர் ஒன்றும் கேட்கவில்லை. மலை இறங்கி, இப்போது பெட்ரோல் பங்கில் நிற்கிறோம், அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். கடைசி வளைவுக்கு அப்புறம் பின்னால் ஒரு வெள்ளைக் கார் வந்தது. முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. வெள்ளைக் கார் எத்தனையோ இருக்கும். இப்போது அது கண்ணில் படவில்லை.

பங்க் வாசலில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. அதில் போட்டுவிட்டு வண்டியில் ஏறிவிடுவேன்.

எங்கே போகிறேன் என்று எழுத மாட்டேன். தேடாதே, யாரிடமும் விசாரிக்காதே. உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லையடி, வந்தால் நன்றாக இருக்கும். நீ கெட்டவள் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் பேசிவிடுவாய்.