ஏரியல் திருப்பிய கை

சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் உள்ளங்கையில் துருவாடை போகவில்லை. உங்கள் ரேடியோ ஏரியல் குழாயின் துரு. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அதைத் தொடவே கூடாது என்றிருந்தேன். இன்று தொட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன், பாசத்தில் எழுதுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அம்பிட்டிய மேட்டில் இந்தச் சின்ன வீட்டில், முன்னறை முழுவதும் உங்கள் செட்டுக்குத்தான். தூரத்து நாடுகளோடு பேச ஒரு பெரிய செட். அதன் அலையை வீ.எச்.எஃப். அலையாக மாற்றிக் கிட்டத்து ஊர்களோடு பேச ஒரு தகரப் பெட்டி, ட்ரான்ஸ்வர்ட்டர். ஏரியல் குழாய் மட்டும் என் குசினிச் சுவரோரமாகக் கூரைக்கு ஏறியது. சுற்றிலும் மலை, ஏரியல் கொஞ்சம் விலகினாலும் எதிராளியின் குரல் செத்துவிடும். குழாயைத் திருப்ப அதில் பழைய சைக்கிள் ஹேண்டிலைப் பொருத்தி, என்னை அதன் முன்னால் நிறுத்தினீர்கள்.

வாய் திறந்து சொல்லமாட்டீர்கள். சுவரில் ஒரு தட்டு என்றால் இடது பக்கம். இரண்டு என்றால் வலது. உள்ளங்கையால் அறைந்தால் நிறுத்த வேண்டும். "ஒன் சத்தம் மைக்குல விழக் கூடாது" என்பீர்கள். பருப்பு அடிப்பிடித்தாலும், மழை குழாய் வழியே தோளில் ஒழுகினாலும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் உங்கள் சிரிப்பு கேட்கும். முகம் தெரியாத ஆம்பளைகளிடம் அத்தனை மரியாதை. எனக்குச் சுவர்த் தட்டு.

ஒரு நாள் அந்தத் தகரப் பெட்டி கருகி நாறியது. குசினிக்கு வந்து என்ன சொன்னீர்கள்? "நீ ஏரியல ஆட்டுன ஆட்டுலதான் எரிஞ்சிச்சு. அஞ்சாங் கிளாசு கைய வச்சா இப்படித்தான்." என் தங்கச்சி புருஷன் முன்னால் சொன்னீர்கள். மகள் கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்தீர்கள். வேறு பெட்டி வந்த பிறகும் விடவில்லை. நானும் நம்பினேன். அன்றிலிருந்து ஹேண்டிலைப் பிடிக்கும்போதெல்லாம் என் கைமீதே எனக்குப் பயம்.

இன்று நாவலப்பிட்டியிலிருந்து உங்கள் ரேடியோ சிநேகிதர் வந்திருந்தார், செட்டைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டு.

"ரெண்டு பெட்டியும் நல்லாத்தான் இருக்கு அக்கா. அந்த மோட்டரு எங்க?"

"என்ன மோட்டரு?"

"ஏரியல திருப்புற மோட்டரு. அண்ணன் ரேடியோவுல சொல்லுவாரே, எங்க வீட்டு மோட்டரு பழசு, கொஞ்சம் மொனகும், ஆனா மழையிலயும் நிக்காதுன்னு. நாங்கெல்லாம் சிரிப்போம்."

"அது நாந்தான் தம்பி. டீயும் ஊத்தும். குடிக்கிறீங்களா?"

மனுஷன் முகம் சுண்டிப்போனது. டீயைக் குடித்துவிட்டு, செட்டைச் சோதித்துப் பார்க்க உட்கார்ந்தார். முதல் வேலையாகப் பெரிய செட்டின் பவரைக் கடைசி வரை குறைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"இத கொறைக்காம பேசினா ட்ரான்ஸ்வர்ட்டரு ஒடனே எரிஞ்சிரும். மறந்துபோயி நாங்க எல்லாருமே ஒருக்கா எரிச்சவங்கதான்."

"ஏரியல ஆட்டினா எரியாதா?"

"அதுக்கு ஏன் அக்கா எரியுது?"

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு எழுந்து குசினிக்குப் போய்க் குழாயைப் பிடித்தேன். அவர் சுவரைத் தட்டவில்லை. "இடது பக்கம் அக்கா, இன்னும் கொஞ்சம், போதும்" என்று வாயாலேயே சொன்னார். உங்கள் செட்டிலிருந்து பேசுவதாக அவர் சொன்னதும், அலவத்துகொடையிலிருந்து ஒரு குரல் தெளிவாக வந்தது. "அவரிட செட்டா? அந்த மோட்டர் இன்னும் சுத்துதா?"

நான் முன்னறைக்கு வந்து நின்றேன். சிநேகிதர் என்னைப் பார்த்தார். மைக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்து என் வாயருகே நீட்டினார்.

"மோட்டருதான் பேசுறேன்," என்றேன். "அந்தப் பெட்டிய எரிச்சது நான் இல்ல. அவரு."

சிநேகிதர் பொத்தானை விட்டார். அலவத்துகொடைக் குரல் சொன்னது, "நல்லா கேக்குது அக்கா. இன்னொருக்கா சொல்லுங்க, மத்தவங்களும் கேக்கட்டும்."

சொன்னேன்.

செட்டையும் பெட்டியையும் அவரையே கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். குழாய் இங்கேயே நிற்கிறது. பக்கத்து வீட்டில் யாராவது ஆணி அடித்தால் இன்னும் என் கை தானாக இடது பக்கம் போகிறது. நீங்கள் விட்டுப்போனது அவ்வளவுதான். எங்கிருந்தாவது சுவரைத் தட்டிப் பாருங்கள். நான் திருப்பப் போவதில்லை.