பத்தும் ஐம்பதும்

நண்பா,

மகளுக்குக் காய்ச்சல் என்று நேற்று குளுவாங் மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். காத்திருந்த இடத்தில் சுவரில் ஒரு வெப்பமானி தொங்கியது. ஒரு பக்கம் பாரன்ஹீட், மறுபக்கம் சென்டிகிரேடு. பொழுது போகாமல் எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். ஐம்பதுக்கு நேர் எதிரே பத்து. மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது என் காதில் விழவே இல்லை.

ஜொகூர் பாருவில் பௌதிகப் பரீட்சை முடிந்த அந்தப் பிற்பகல் கண்முன் வந்தது. வினாத்தாளும் கையுமாக நம் வகுப்புப் பையன்கள் எல்லாரும் கடலோரச் சுவரில் ஏறி உட்கார்ந்தோம். எதிரே சிங்கப்பூரை மழை மறைத்திருந்தது. தண்ணீரில் ஐஸ்கட்டி போட்டால் கடைசியில் எத்தனை டிகிரி இருக்கும் என்ற கணக்குக்கு என்ன விடை என்று துணிக்கடைக்காரர் மகன்தான் ஆரம்பித்தான்.

“பத்துதான்லா,” என்று அவனே சொன்னான். நானும் பத்து என்றேன். மற்றவர்களுக்கும் பத்து.

“எனக்கு அம்பது வந்துச்சு,” என்றாய் நீ.

“அலமாக்! ஐஸைத் தண்ணியில போட்டியா, டீயில போட்டியா?” என்றான் துணிக்கடைக்காரர் மகன்.

எல்லாரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். எந்த டிகிரி என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. வினாவில் பாரன்ஹீட்டில்தான் கொடுத்திருந்தார்கள். வாத்தியார் பழக்கிவைத்தபடி நாங்கள் எல்லாவற்றையும் சென்டிகிரேடுக்கு மாற்றிப் போட்டோம். நீ மட்டும் கொடுத்தபடியே போட்டிருக்கிறாய். லாயாங் லாயாங் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்த உன் அப்பா காய்ச்சல் பார்க்கும் பாரன்ஹீட் கண்ணாடிக் குழாயைப் பார்த்து வளர்ந்தவன், வேறு எதில் போடுவாய்?

மறுநாள் இங்கிலீஷ் பரீட்சை. அதை எழுதாதவனுக்குச் சான்றிதழே கிடையாது. சான்றிதழ் கிடைத்தால் தோட்டத்தை விட்டுப் போய்விடலாம் என்பதுதான் உன் ஒரே கனவு. ஆனால் காலையில் நாம் தங்கியிருந்த அறையில் நீ பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாய்.

“ஒரு கணக்குதானேடா, விடு,” என்றேன்.

“தெரிஞ்ச கணக்கே இப்படின்னா மத்ததெல்லாம் என்ன கதியோ. தோத்துட்டேன்னு ஊருக்கெல்லாம் தெரியறதுக்கு முன்னாடி நானே போயிடறேன்.”

எவ்வளவோ கெஞ்சினேன். நீ ரயிலேறிவிட்டாய். தோட்டத்திலேயே கூலியாட்களின் பெயர் எழுதும் வேலையில் சேர்ந்தாய். அடுத்த மழைக்காலத்து மலேரியா உன்னைக் கொண்டுபோயிற்று.

ஒருவனாவது அன்று வாயைத் திறந்து கேட்டிருக்கக் கூடாதா? நீ தோற்கவே இல்லையடா. இதை இனி யாரிடம் போய்ச் சொல்வேன்?

உன் அப்பாவிடம் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்து லய வீடொன்றில் தனியாக இருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். “அவனுக்குப் படிப்பு ஏறல தம்பி. ஏறியிருந்தா எங்கேயோ போயிருப்பான், இந்தக் காய்ச்சல்ல சிக்கியிருக்க மாட்டான். யாரைக் குத்தம் சொல்றது?” என்று ஒவ்வொரு தடவையும் அதையே சொல்கிறார். அப்படி நினைத்துக்கொள்வதில்தான் அவருடைய காலம் ஓடுகிறது. நீ சரியாகத்தான் எழுதினாய், வீணாக ஓடிவந்தாய் என்று தெரிந்தால் அந்த மனிதர் தாங்கமாட்டார்.

அதனால் சொல்லப்போவதில்லை. நீ எழுதியது சரி என்று தெரிந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். அடுத்த முறை அவர், “அவனுக்குப் படிப்பு ஏறல,” என்பார். நான், “ஆமாங்க ஐயா,” என்பேன்.