ஒரு சாண் நீல வயர்

மார்ச் 2

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தானுக்கு,

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினான்கு ஆண்டுகளாகச் சரக்கு வண்டி மட்டுமே பார்த்த நம் நிலையத்தில், வரும் திங்கள் காலை 6.40-க்குப் பயணிகள் ரயில் வந்து நிற்கப் போகிறது! பெஞ்சுகளுக்குப் பூசிய பச்சை காய்வதற்குள் ஆட்கள் உட்கார்ந்து பார்த்து, முதுகில் கோடுகளோடு போகிறார்கள். டீச்சரம்மா ஒருவர் தினமும் வந்து, "நெசமாவே வருமா சார், இல்ல போன தடவை மாதிரியா?" என்கிறார்.

சோதனை ஓட்டத்தில் சிக்னல் எல்லாம் சொன்னபடி கேட்டன. சிக்னல் பொறியாளரான உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அக்காவைக் கட்டாயம் அழைத்து வாருங்கள்.

உங்கள் மச்சான்,
நிலைய அதிகாரி

மார்ச் 4

மைத்துனருக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன்.

நேற்று நீ விடுப்பில் இருந்தபோது வந்தேன். இரண்டாம் தடத்தில் ஒரு காலிப் பெட்டியை நிறுத்திவைத்து, அதே தடத்துக்குச் சிக்னல் கேட்டேன். சிவப்பில் நிற்க வேண்டியது பச்சைக்கு மாறியது. சிக்னல் கருவிகள் இருக்கும் ரிலே அறையைத் திறந்தால், இரு முனைகளுக்கு நடுவே ஒரு சாண் நீல வயர். தடத்தில் எது நின்றாலும் காலி என்று பொய் சொல்லும் வயர். ஒயர்மேனைக் கேட்டேன். "மாஸ்டர் சார்தான் போடச் சொன்னாரு. திங்கக்கிழமை தாண்டட்டும், எடுத்துடலாம்னாரு."

அந்த அறைக்கு இரண்டு பூட்டு. ஒன்று உன்னுடையது, ஒன்று என் துறையுடையது. இருவரும் சேராமல் திறக்கக் கூடாது என்பதற்காகவே இரண்டு. மழைநீர் ஒழுகுகிறது, பார்க்க வேண்டும் என்றாய். வீட்டுப் பிள்ளை என்று என் சாவியை அனுப்பினேன்.

கையெழுத்து கிடையாது. திங்கள் ரயில் கிடையாது. மேலிடத்துக்கு எழுதிவிட்டேன், விசாரணை முடியும்வரை வயரைத் தொடாதே.

உன் அக்காவின் கணவன்

மார்ச் 5

அத்தான்,

மறைக்க ஒன்றுமில்லை. ஈரத்தில் அந்தத் தடம் காலியாக இருக்கும்போதும் சிவப்பே காட்டியது. மறுபடியும் தள்ளிவைத்தால் ஊர் சிரிக்கும் என்ற பதற்றத்தில் புத்தி மழுங்கிவிட்டது. சாவியை உங்களுக்குத் தெரியாமல் எடுத்ததாக விசாரணைக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும் உங்களுக்கு ஏன் இந்தக் கறை? அக்காவுக்காக விட்டுவிடுங்கள்.

மச்சான்

மார்ச் 17

மைத்துனருக்கு,

ஒரு பொய்யை மூட இன்னொரு பொய்யா? நீ எடுக்கவில்லை, நான் கொடுத்தேன். அப்படியே எழுதிக் கையெழுத்திட்டேன். இடைநீக்க ஆணை இருவருக்கும் இன்று வந்துவிட்டது, உன்னுடையதன் நகலும் எனக்கு வந்தது. உன் அக்கா இரண்டையும் படித்துவிட்டு, "ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்று எழுந்து போனாள்.

ஆணை வருமுன் பழுதைச் சரிசெய்தேன். தண்டவாள இணைப்பில் நனைந்துபோன மின்காப்புத் துண்டு. மூன்று மணி நேர வேலை. கேட்டிருந்தால் அன்றே வந்திருப்பேன். பெட்டியை நிறுத்தி ஒன்பது முறை கேட்டேன். ஒன்பது முறையும் சிவப்பு. நகர்த்தினேன், பச்சை. இந்த வயதில் தண்டவாளத்தின் ஓரமாக ஓடினேன் என்று ஒயர்மேன் ஊரெல்லாம் சொல்லியிருப்பான்.

வேறொரு பொறியாளர் சோதித்துக் கையெழுத்திட்டுவிட்டார், வியாழன் காலை 6.40-க்கு முதல் ரயில் வருகிறது. பணியில் நாம் இருவரும் இல்லை. இரண்டு பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன். என் கோபம் தணியவில்லை. ஆகவே எதிர் இருக்கையில் உட்கார், பேசாதே. அந்தச் சிக்னலைக் கடக்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கலாம்.

அத்தான்