இவளும் கேக்கட்டும்

ஆபிஸில் என் மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது, பின்பக்க மூலையில் உன் தைலக்குப்பி கிடந்தது. மூடியைத் திறந்ததும் வாசம் மூக்கில் ஏறியது. பக்கத்து மேசையில் உட்கார்ந்து நீ அதை நெற்றியில் தேய்த்துக்கொண்டு, "இவங்க பேசுற பேச்சுக்கு ஒரு குப்பி பத்தாதுடி" என்று முனகுவாயே, அதே வாசம். புது மேனேஜர் கதவோரம் நின்று நான் எப்போது எழுந்து போவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நீ கண்ணை மூடிய பிறகு வந்தவர் இவர். கோலாலம்பூர்க்காரர், தமிழர். நம் எஸ்டேட்டுக்கு நம்ம ஆள் ஒருத்தர் மேனேஜராக வருகிறார் என்றதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. டிராக்டர் ஓட்டுகிற செல்வம் வீட்டிலிருந்து மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஆபிஸ் வாசலிலேயே அடித்தான். நான் ஆரத்தி எடுத்தேன். நீ இருந்திருந்தால், "மொதல்ல ஆளு யாருன்னு பாருங்க, அப்புறம் ஆரத்தி எடுக்கலாம்" என்று சொல்லியிருப்பாய். சொல்ல ஆளில்லை, எடுத்துவிட்டோம்.

அவருக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் என்றாலே ஒரு இளக்காரம். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வார். சிரம்பான் டவுனிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் கேட்டால் உடனே லீவு. எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற நாங்கள் கேட்டால் ஆயிரம் கேள்வி. ஒருநாள் என்னைத் தனியே உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "ஆபிஸ் நாலு பேர் வந்து போற இடம். லயத்துல பொறந்தவங்க ஸ்டோர்ல இருந்தா போதும். இஷ்டம் இல்லன்னா சொல்லுங்க, பகாங் எஸ்டேட்டுக்கு மாத்திடறேன்" என்றார். இத்தனை வருஷம் ஆபிஸ் கணக்கு எழுதிக் கிராணி வேலை பார்த்தவளை உரம் அடுக்குகிற கொட்டகைக்கு அனுப்பிவிட்டு, என் நாற்காலியில் கவிதா என்கிற டவுன் பெண்ணை உட்கார வைத்தார்.

பகாங் என்றதும் எனக்கு அப்பாதான் கண்முன்னே நின்றார். அப்பாவுக்கு இப்போது சுத்தமாகக் கண் தெரியவில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குள் சுவரைத் தடவிக்கொண்டே அடுப்படிக்குப் போவார், தானே கோப்பி கலக்குவார், வாசல்படியில் சரியாகக் கால் வைத்து இறங்குவார். அது எஸ்டேட் கொடுத்த வீடு, மாற்றிவிட்டாலும் வேலை போனாலும் வீடும் போகும். வேறு வீட்டில் கொண்டுபோய் விட்டால் அவர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார். அதனால் வாயை மூடிக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன்.

அன்றைக்கெல்லாம் உன் நினைப்புத்தான். முன்பு இருந்த சின்ன மேனேஜர் ஞாபகம் இருக்கிறதா? உன் மேசைப் பக்கம் குனிந்து, புல்லு வெட்டுகிற பெண்களுக்கு ஓவர்டைம் போடாதே, நமக்கு வேண்டியவர்களுக்குப் போடு என்று மெதுவாகச் சொன்னாரே. நீ பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டி, "இன்னொரு தடவ சொல்லுங்க சார், இவளும் கேக்கட்டும்" என்றாய். மனுஷன் மின்விசிறியைப் பார்த்தார், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். "என்னை ஏன்டி இழுக்குற" என்று உன்னைத் திட்டினேன். "தனியா சொல்ற வாயி ஆள் முன்னாடி தொறக்காதுடி. நீ ஒன்னும் பேச வேணாம், சும்மா காதைத் தொறந்து வச்சிக்கிட்டு இரு" என்றாய். உன் வீரத்தில் என் பங்கு அவ்வளவுதான். இப்போது இவர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதை என்னோடு சேர்ந்து கேட்க யாருமில்லை.

பிறகு மாரியம்மன் திருவிழா வந்தது. சனிக்கிழமைப் பகல் பூசையில் மேனேஜருக்கு முதல் மாலை போடுவது வெள்ளைக்காரத் தொரை காலத்திலிருந்தே நம் கோயிலில் வழக்கம். நீ மாலைத் தட்டைப் பிடிப்பாய், நான் சந்தனக் கிண்ணத்தைப் பிடிப்பேன். இந்த வருஷம் எங்களில் ஒருவருக்கும் லீவு இல்லை. கோயில் உங்கள் சொந்த விஷயம் என்றார். ஆனால் பன்னிரண்டு மணிக்குச் சம்சாரத்தோடு மாலைக்கு வருகிறேன் என்று பூசாரிக்கு ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் யாரும் கூடிப் பேசவில்லை. அவரவர் வீட்டை நினைத்துப் பயந்து எல்லோரும் வேலைக்குப் போனார்கள். மேளம் அடிக்கிற செல்வம் டிராக்டரில் செம்பனைக் குலை ஏற்றப் போய்விட்டான். வெளியூர்ப் பிள்ளைகள் எப்போதும் சாயந்தரம் தீச்சட்டிக்குத்தான் வருவார்கள். கோயிலுக்கு எதிரே இருக்கிற ஸ்டோர் வாசலிலிருந்து பார்த்தேன், பூசாரியைத் தவிர அங்கே ஆளில்லை. அவர் ஓட்டிவந்த காடி கோயில் முன்னால் வந்து நின்றது. வேட்டி சட்டையில் அவர், பட்டுப்புடவையில் அந்தம்மா. பூசாரி ஒரு கையில் மணியும் ஒரு கையில் தட்டுமாக, மாலையை எந்தக் கையால் எடுப்பது என்று தெரியாமல் தவித்தார். "லீவு கெடைக்கலீங்க, எல்லாரும் வேலையில இருக்காங்க" என்று பாவம், உள்ளதைச் சொல்லிவிட்டார். உனக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது, அவர் மாலை வாங்காமலே காடியைத் திருப்பும்வரை. அதற்குப் பிறகு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், பெயர் கூப்பிடுகிற நேரத்தில், எல்லோரையும் நிற்க வைத்தார். நான் மண்வெட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நேரே என்னிடம் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "லயத்துல பொறந்த புத்தி இதுதான். பிளான் பண்ணி என்னை அவமானப்படுத்தினீங்க" என்றார்.

எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. என் தொண்டையிலிருந்து உன் பேச்சு வந்தது. "இன்னொரு தடவ சொல்லுங்க சார். எல்லாரும் கேக்கட்டும்."

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. செல்வம் டிராக்டர் இன்ஜினை அணைத்தான். எல்லோரும் திரும்பினார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. நானோ பழக்க தோஷத்தில் பக்கத்தில் உன்னைத் தேடினேன். நீ நிற்கிற இடத்தில் பெயர் கூப்பிட வந்த கவிதா நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்த்து, "நான் கேட்டேன்க்கா" என்றாள்.

இதெல்லாம் நடந்து ஒரு வாரமாகிறது. என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. போன் அடித்தால் பகாங் என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. இரவில் அப்பா சுவரைத் தடவுகிற சத்தம் கேட்டால் தூக்கம் போய்விடுகிறது. செய்தது சரிதானா என்று உன்னைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. நீ சரி என்றுதான் சொல்வாய், உனக்கென்ன, நீ பாட்டுக்குப் போய்விட்டாய்.

சற்று முன்னால் கவிதா ஸ்டோருக்கு வந்தாள். "மத்தியானம் என்னைத் தனியா உள்ள வரச் சொல்லியிருக்காருக்கா. நீங்களும் வாங்களேன். நீங்க ஒன்னும் பேச வேணாம். நீங்களும் கேளுங்க, அது போதும்" என்றாள்.

எனக்குத் தெரிந்த வேலையடி அது. உன் குப்பியில் இன்னும் கொஞ்சம் தைலம் மிச்சம் இருக்கிறது. அவளுக்கும் தடவிவிட்டு, நானும் தடவிக்கொண்டு, கூடப் போகப்போகிறேன்.