மருந்து ஷெட்டுக்கு ஒரு விளக்கு

29-9-69, திங்கள்
காலையிலிருந்து மப்பு. தாயில்பட்டிப் பக்கம் மழையாம். காயப்போட்ட வெடிகளை மதியமே உள்ளே எடுத்தாயிற்று. வெடிமருந்து அடைக்கிற ஷெட் ஒரே இருட்டு. விளக்கு கொண்டுபோகக் கூடாத இடம். வெளிச்சம் போனால் வேலையும் போச்சு. நாலரைக்கே மணி அடித்தேன். முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது. தீபாவளி ஆர்டர் பாதிகூடப் போகவில்லை.

டீ குடிக்கும்போது முதலாளிக்கும் வாட்ச்மேனுக்கும் பேப்பர் வாசித்துக் காட்டினேன். அமெரிக்காக்காரன் போன வருடம் வானத்துக்கு விட்ட தொலைநோக்கி. பக்கவாட்டில் பலகை பலகையாக இறக்கை. அதில் வெயில் பட்டால் கரண்ட். கொஞ்சத்தைப் பேட்டரியில் சேர்த்துக்கொண்டு, பூமியின் நிழலுக்குள் போகும்போது செலவழிக்கிறது.

"எண்ணெய் யாரு போயி ஊத்துவா?" என்றார் வாட்ச்மேன். விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆனாலும் சந்தோஷம். நம்மைப் போலவே வெயிலை நம்பிப் பிழைக்கிற ஒன்று மேலேயும் இருக்கிறது.

30-9, செவ்வாய்
மப்பு கலையவில்லை. வாங்க வேண்டியது: சோப்பு, பிளேடு.

முதலாளி கூப்பிட்டார். "ஏப்பா போர்மேன், நேத்து நீ வாசிச்சதுதான். அம்புட்டு ஒசரத்துல பேட்டரி வேல செய்யுதுன்னா நம்ம ஷெட்டுல செய்யாதா? தீயா, திரியா? லாரி பேட்டரி ஒண்ணு வச்சு நாலு பல்பு தொங்க விடு. எட்டு மணி வரைக்கும் ஓட்டலாம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மாரியம்மாள் அந்த ஷெட்டில்தான் மருந்து அடைக்கிறாள். வீட்டில் அவளிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"நீங்க மாட்டினா நான் உள்ள ஒக்காந்துதான் ஆகணும். பாத்துக்கோங்க."

கட்டினவள் உட்காருகிற இடத்தில் நானே கொண்டுபோய் ஒயரை இழுப்பதா?

1-10, புதன்
தூறல். பேட்டரி, பல்பு, ஒயர் எல்லாம் ஆபீஸில் வந்து இறங்கிவிட்டது. போனேன். முதலில் ஜன்னல்களைச் சாத்தினேன்.

"என்னப்பா பண்ற?" என்றார் முதலாளி.

பல்புகளை மாட்டி, ஒயரைப் பேட்டரியில் தொட்டு எடுத்தேன். இருட்டில் பொட்டளவு நீலப் பொறி. மறுபடி தொட்டேன். மறுபடி பொறி. முதலாளி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"வானத்துல மட்டும் எப்பிடிப்பா ஓடுது?"

"அங்கன பொறி விளுந்தா பெட்டிதான் போகும், மொதலாளி. அதுக்குள்ள ஆளு கெடையாது."

அவர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார். "நாளைக்கு காந்தி ஜெயந்தி லீவு. நாளக்கழிச்சு விடியும்போதே எல்லாரையும் வரச் சொல்லு. பேட்டரியக் கொண்டுபோயி லாரியிலயே மாட்டு."

3-10, வெள்ளி
நல்ல வெயில். இப்படி ஒரு வெயிலுக்குச் சந்தோஷப்படுகிற ஊர் வேறு எங்கே இருக்கும்?

ஐந்தரைக்கு மணி. மாரியம்மாள் வெளியே வந்தாள். கை இரண்டும் மருந்தில் கருத்துக் கிடந்தது. அண்ணாந்து பார்த்தாள்.

"ஒங்க பெட்டி இப்ப வெயில்ல இருக்கா, நெளல்ல இருக்கா?"

தெரியவில்லை என்றேன்.

"அது வேல பாக்கட்டும். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

வழியில் மறக்காமல் சோப்பு வாங்கினேன். அவள் கை கழுவி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.